சாய்தளத்தில் விட்ட பொம்மைக் கார்: உயரம் இரட்டித்தால் நிற்கும் தூரமும் இரட்டிப்புதான் ஆகிறது. நாலு மடங்கு ஏன் வரவில்லை?

கேள்வி: தக்கலை டீச்சர்

வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சிக்கு "வேகம் கூடினால் நிற்கும் தூரம் எப்படிக் கூடுகிறது" என்ற சோதனையைச் செய்கிறார்கள். 60 செ.மீ. நீளப் பலகை ஒன்று. அதன் ஒரு முனையைப் புத்தகம் அடுக்கி உயர்த்தி, உச்சியிலிருந்து பொம்மைக் காரை விடுகிறோம். பலகை தரையைத் தொடும் இடத்திலிருந்தே சாக்குத் துணி விரித்திருக்கிறது. கார் சாக்கில் ஓடி நின்ற தூரத்தை டேப் வைத்து அளக்கிறோம். உயரத்துக்கு 5 தடவை விட்டுச் சராசரி எடுத்தது:

5 செ.மீ. உயரம்: 42 செ.மீ. தூரம்
10 செ.மீ.: 82 செ.மீ.
15 செ.மீ.: 119 செ.மீ.
20 செ.மீ.: 150 செ.மீ.

வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்காகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறது. இங்கே 5-லிருந்து 10-க்குப் போனால் தூரம் ஏறத்தாழ இரட்டிப்புதான். 20-க்குப் போனால் அந்த இரட்டிப்புக் கணக்கும் தேய்கிறது. 168 வர வேண்டியது 150-தான் வருகிறது. சோதனையில் பிழையா, கணக்கில் பிழையா? வேகத்தை அளக்கத் தனிக் கருவி எதுவும் இல்லை. ஒரு பிள்ளை கேட்ட இன்னொரு கேள்வியும் உண்டு: காரில் பாரம் ஏற்றினால் கூடுதல் தூரம் ஓடுமா?

பதில்: நாஞ்சில் பௌதிகம்

டீச்சர், உங்கள் அளவுகள் நன்றாகவே இருக்கின்றன. அதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, நீங்கள் மாற்றியது உயரத்தை, வேகத்தை அல்ல. கார் கீழே வரும்போது அதன் வேகத்தின் வர்க்கம்தான் உயரத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்: வேகம்² = 2 × 9.8 × உயரம் (9.8 என்பது புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மீட்டரில்). 5 செ.மீ.க்கு வேகம் நொடிக்கு 0.99 மீட்டர், 10 செ.மீ.க்கு 1.40, 20 செ.மீ.க்கு 1.98. ஆக உயரத்தை இரட்டித்தால் வேகம் 1.41 மடங்குதான் ஆகிறது. வேகத்தை இரட்டிக்க உயரத்தை நாலு மடங்காக்க வேண்டும். உங்கள் பட்டியலில் 5-ம் 20-ம் அப்படிப்பட்ட ஜோடி. அங்கே தூரம் 42-லிருந்து 150, அதாவது 3.6 மடங்கு. நீங்கள் தேடிய "நாலு மடங்கு" அந்த இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் குறைவாக.

அந்தக் குறைவுதான் இரண்டாவது விஷயம். பலகை தரையைத் தொடும் மூலையில் முகத்தை வைத்துப் பாருங்கள். காரின் முன்சக்கரம் தரையில் "டக்" என்று முட்டும், மூக்கு ஒரு நொடி தூக்கும், பிறகு பின்சக்கரம் இறங்கி இன்னொரு "டக்". கார் பலகையின் சாய்வுத் திசையில் வருகிறது. தரைக்கு வந்ததும் அதன் கீழ்நோக்கிய வேகம் முழுக்க அந்த முட்டலில் தொலைகிறது, கிடைவேகம் மட்டும் மிஞ்சுகிறது. தொலையும் ஆற்றலின் பங்கு ஏறத்தாழ (உயரம் ÷ பலகை நீளம்) என்பதன் வர்க்கம். 5 செ.மீ.க்கு அது 0.7 சதவீதம், 10-க்கு 2.8, 15-க்கு 6.3, 20-க்கு 11. இப்போது உங்கள் 150-ஐ 0.889-ஆல் வகுங்கள்: 168.7. உங்கள் 42-ஐ 0.993-ஆல் வகுத்தால் 42.3. விகிதம் 3.99. பிள்ளைகள் கவனமாக அளந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகவே சோதனையை இப்படி மாற்றுங்கள்.

பலகையை ஒவ்வொரு தடவையும் உயர்த்தாதீர்கள். 1 மீட்டர் பலகை எடுத்து, மேல்முனையை 27 செ.மீ. உயரத்தில் ஒரேயடியாக நிலைநிறுத்துங்கள். சாய்வு மாறாவிட்டால் மூலையில் போகும் பங்கு எல்லா உயரத்துக்கும் ஒரே விகிதம் ஆகிவிடும், கிராஃபின் வடிவத்தைக் கெடுக்காது. காரை விடும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். உயரங்கள் 5, 10, 15 என்று சமமாகக் கூட வேண்டாம். 4, 9, 16, 25 செ.மீ. என்று வையுங்கள். வேகம் 2 : 3 : 4 : 5 என்று தானாக அமையும், பிள்ளைகளுக்கு வர்க்கமூலம் போட்டுப் பார்க்கும் வேலையே இல்லை. பலகையின் அடியிலிருந்து சாய்வாக அளந்தால் இந்த உயரங்கள் ஏறத்தாழ 15, 33, 59, 93 செ.மீ.யில் வரும். ஆனால் கோடு போடும்போது முன் அச்சிலிருந்து மூலைமட்டம் வைத்துச் செங்குத்தாக அளந்தே போடுங்கள். உயரம் என்றால் காரின் ஒரே புள்ளி மேலிருந்து கீழ்வரை இறங்கும் அளவு. பலகை முனையின் உயரம் அல்ல. பலபேர் வழுக்குவது அங்கேதான்.

மூலையையும் வளைத்துவிட்டால் நல்லது. பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு சாண் அகலத் துண்டை பலகையின் கடைசி 10 செ.மீ.யிலும் தரையிலும் சேர்த்து டேப் ஒட்டினால் சரியான வளைவு கிடைக்கும். ஃபிலிமின் அடியில் வெற்றிடம் இருந்தால் கார் ஏறும்போது அமுங்கி எழும்பும். மடித்த துணியைச் செருகுங்கள்.

சாக்கு பலகையின் காலடியிலேயே தொடங்கக் கூடாது. நடுவே 30 செ.மீ. வெறும் டைல்ஸ் தரை விடுங்கள். மூலைக் குலுக்கல் அடங்குவதற்கும், வேகத்தை அளப்பதற்கும் அந்த இடம் வேண்டும். தூரத்தை முன்சக்கரம் சாக்கைத் தொடும் கோட்டிலிருந்து முன்சக்கரம் நின்ற இடம்வரை அளக்க வேண்டும். முன்சக்கரத்தில் தொடங்கிப் பின்சக்கரத்தில் முடித்தால் ஒவ்வோர் அளவிலும் ஒரே நீளம் குறையும். சின்ன தூரங்களில் அது பெரிதாகத் தெரியும்.

காரைக் கையால் விடாதீர்கள். விரல் எடுக்கும்போது தள்ளும் அல்லது இழுக்கும். ஸ்கேலைக் காரின் முன்னால் குறுக்கே பிடித்து, கார் போகும் திசையிலேயே சட்டென்று இழுத்துவிடுங்கள். ஸ்கேலை மேலே தூக்கினால் காரின் மூக்கில் உரசும்.

அச்சில் சுற்றிய முடி, நூல் எல்லாவற்றையும் ஊசியால் எடுத்துவிட்டு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. நம்ம ஊரில் கை முதலில் தேங்காயெண்ணெய்க்குப் போகும், அது வேண்டாம். தூசி சேர்ந்து பிசுபிசுக்கும், முதல் நாள் அளவும் மறுநாள் அளவும் ஒத்துப்போகாது.

இன்னொன்று, 4, 9, 16, 25 என்று வரிசையாக விடாதீர்கள். கார் ஓட ஓட சாக்கின் இழை அமுங்கி வழுவழுப்பாகும். வரிசையாகச் செய்தால் அந்த மாற்றம் வேகத்தின் கணக்கில் ஏறிவிடும். சீட்டுக் குலுக்கிப் போட்டு வருகிற உயரத்தில் விடுங்கள், உயரத்துக்கு 5 தடவை. கார் வளைந்து ஓடிய தடவையை நீக்கலாம். தூரம் "சரியாக வரவில்லை" என்பதற்காக நீக்கக் கூடாது.

வேகம் அளக்க மொபைலே போதும். ஸ்லோ மோஷனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் இருந்தால், சாக்குக்கு முந்தைய கடைசி 10 செ.மீ.யின் இரண்டு முனையிலும் கறுப்பு டேப் ஒட்டி, முன்சக்கரம் ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்குப் போக எத்தனை படம் என்று எண்ணுங்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் 24 படம் வரும். ஒரு படம் தவறினால் வேகத்தில் 4 சதவீதம், வர்க்கத்தில் 8 சதவீதம் பிழை. அதனால் 5 தடவையின் சராசரி அவசியம். சில போன்களில் 240 என்று போட்டிருக்கும், உள்ளே அதில் பாதிப் படங்கள்தான் நிஜம், மீதி நிரப்பியது. இன்னொரு போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு அதைப் படம் பிடித்து, ஒரு நொடிக்குள் உண்மையாகவே மாறுகிற படம் எத்தனை என்று பாருங்கள். கேமராவைக் காரின் பாதைக்கு நேர் குறுக்கே, ஒரு மீட்டருக்குக் குறையாத தள்ளலில் வையுங்கள்.

பாரக் கேள்வி அருமையான கேள்வி. பாரம் இரட்டித்தால் இயக்க ஆற்றலும் இரட்டிக்கும், சாக்கு பிடித்து இழுக்கும் தடையும் இரட்டிக்கும். இரண்டும் அடிபட்டுப் போகும், தூரம் கிட்டத்தட்ட மாறாது. களிமண் உருண்டையைக் காரின் நடுவே அமுக்கி வைத்துச் செய்யலாம். பின்பக்கம் வைத்தால் முன்சக்கரம் இலேசாகி கார் வளையும். அதிக பாரம் ஏற்றினால் அச்சு வளைந்து உரசும், சக்கரம் சாக்கில் பதியும், அப்போது தூரம் குறைந்து வேறு விஷயம் காட்டும்.

பதில்: முப்பந்தல் காற்று

நாஞ்சில் சார் எல்லாம் சொல்லிவிட்டார், ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்தச் சோதனையை வராந்தாவில் செய்யாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வருகிற காற்று பொம்மைக் காருக்குச் சின்ன விஷயம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 40 கிராம் கார், எடை 0.39 நியூட்டன். டீச்சரின் அளவுப்படி (5 செ.மீ. உயரம், 42 செ.மீ. தூரம்) சாக்கின் தடை எடையில் 0.12 பங்கு, அதாவது 0.047 நியூட்டன். காரின் முகப்பு 4 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம் என்று வைப்போம். நொடிக்கு 8 மீட்டர் எதிர்க்காற்று அதன்மேல் தருகிற விசை கிட்டத்தட்ட 0.037 நியூட்டன். சாக்கின் தடைக்கே பக்கத்தில் வந்துவிட்டது! ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், 40 கிராம் தகரம் எம்மாத்திரம்.

தரையை ஒட்டிக் காற்று குறையும்தான். பாதி வேகமானால் விசை கால்பங்காகும். காற்றின் விசையிலும் அதே வர்க்கக் கணக்குதான். அப்போதும் சாக்குத் தடையில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். வகுப்பறையின் ஜன்னலைச் சாத்துங்கள், மேலே ஓடுகிற ஃபேனையும் நிறுத்துங்கள்.

மழையையும் கவனியுங்கள். நம்ம மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, சாக்கு ஈரத்தைக் குடிக்கும். ஈரச் சாக்கில் இழை படுத்துவிடும், தடை மாறும். எல்லா அளவையும் ஒரே உட்காரலில் முடித்துவிடுவது நல்லது. முந்தின நாள் அளவோடு சேர்த்துச் சராசரி போடாதீர்கள்.

பதில்: மார்த்தாண்டம் பிரேக் ஷூ

டீச்சர், பிள்ளைங்க சார்ட்ல ரோட்டுக் கணக்கையும் ஒரு ஓரத்துல போடச் சொல்லுங்க. ஆனா "வேகம் இரட்டிச்சா மொத்தத் தூரம் நாலு மடங்கு"ன்னு எழுதிரக் கூடாது. அது பிரேக் பிடிச்ச பிறகு ஓடுற தூரத்துக்கு மட்டும்தான். பிரேக்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடி ஓடுற தூரம் இருக்கே, அது வேகத்துக்கு நேரா கூடும், வர்க்கமா இல்ல.

காஞ்ச தார் ரோடு, நல்ல டயர்னா உராய்வுக் கெழு (எடையில எத்தனை பங்கு பிடிப்பு கிடைக்குதுங்கற எண்) 0.7ன்னு வச்சுக்கலாம். ஆள் பார்த்து, முடிவெடுத்து, பிரேக் அழுத்த 1 நொடி.

மணிக்கு 40 கி.மீ.: யோசிக்கிற தூரம் 11 மீட்டர், பிரேக் தூரம் 9 மீட்டர், மொத்தம் 20.
மணிக்கு 80 கி.மீ.: 22 மீட்டர், 36 மீட்டர், மொத்தம் 58.

பிரேக் தூரம் சரியா நாலு மடங்கு. மொத்தம் மூணு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. இதே ரோடு நனைஞ்சு கெழு 0.4 ஆச்சுன்னா 80ல பிரேக் தூரம் மட்டும் 63 மீட்டர், மொத்தம் 85. பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யுற முதல் மழைதான் மோசம். தார்ல படிஞ்ச எண்ணெயும் தூசியும் தண்ணியோட குழைஞ்சு வழுக்கும், நல்லா அடிச்சுப் பெஞ்ச பிறகு கழுவிப் போயிரும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ரோட்டுல இலை உதிர்ற மாசங்கள்ல நனைஞ்ச இலைமேல டயர் போச்சுன்னா 0.4 கூடக் கிடைக்காது. இறக்கத்துலயும் தூரம் கூடும்: 100 மீட்டருக்கு 6 மீட்டர் இறங்குற ரோட்டுல 0.7ங்கறது 0.64 ஆயிடும்.

பிள்ளைங்க மனசுல நிக்கிற மாதிரி ஒரு கணக்கு. இரண்டு பைக் பக்கத்துல பக்கத்துல வருது, ஒண்ணு 50, ஒண்ணு 60. ஒரே இடத்துல ஒரே சமயம் முன்னாடி ஒரு ஆடு குறுக்க வருது. 50ல வந்தவன் 28 மீட்டர்ல நின்னுட்டான். 60ல வந்தவன் அதே 28வது மீட்டர்ல இன்னும் மணிக்கு 40 கி.மீ. வேகத்துல போயிட்டிருப்பான். வெறும் 10 கி.மீ. வித்தியாசம் அங்க 40 ஆகுது. நாகர்கோவில்லருந்து மார்த்தாண்டம் வர்ற ரோட்டுல கடையும் பள்ளிக்கூடமும் ரோட்டை ஒட்டியே இருக்கு, அந்தக் கடைசி மீட்டர்லதான் ஆள் நிப்பாங்க. இதை சார்ட்ல பெரிய எழுத்துல போடணும்.

பாரத்தைப் பத்தி சார் சொன்னது சாக்குக் காருக்குச் சரி. லோடு லாரிக்கு அப்படியே சொல்ல வேண்டாம். அங்க டயர் பிடிக்கிறதுக்கு முன்னாடி பிரேக்கோட சக்தியே தீர்ந்துரும், டிரம் சூடாகிப் பிடி விட்டுரும். லோடு ஏறுனா தூரம் கூடத்தான் செய்யும்.

பதில்: வில்லுக்குறி களிமண்

வேகம் அளக்க ஸ்லோ மோஷன் போன் கிடைக்கவில்லை என்றால் கார்பன் காகித முறை இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதுதான் அதிகம் பிடிக்கும்.

சாய்தளத்தை மேசைமேல் வைத்து, காருக்குப் பதில் கோலிக்குண்டை விடுங்கள். கார் வேண்டாம், முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் மூக்குக் குத்தும். குண்டு மேசை விளிம்பிலிருந்து கிடையாகப் பறந்து தரையில் விழும். விழும் இடத்தில் வெள்ளைத்தாள், அதன்மேல் கார்பன் காகிதத்தை மைப்பக்கம் கீழாக. குண்டு பட்டதும் தாளில் மிளகு அளவு கறுப்புப் புள்ளி ஒன்று விழும். மேசை உயரம் 75 செ.மீ. என்றால் குண்டு கீழே வர 0.39 நொடி, அது எந்த வேகத்தில் வந்தாலும் இதே நேரம்தான். விளிம்புக்கு நேர் கீழே நூல்குண்டு தொங்கவிட்டு, அங்கிருந்து புள்ளிவரை அளந்து 0.39-ஆல் வகுத்தால் வேகம்.

உருளும் குண்டுக்கு 2 × 9.8 × உயரம் என்ற கணக்குச் சரிப்படாது. ஆற்றலில் ஒரு பங்கு சுழற்சிக்குப் போகும். சமதளப் பலகையில் உருண்டால் வேகம்² = 14 × உயரம் (உயரம் மீட்டரில்). 5 செ.மீ.க்கு 33 செ.மீ. தள்ளி விழும், 20 செ.மீ.க்கு 65. பாதியாக அறுத்த பி.வி.சி. குழாயில் விட்டால் அதே கணக்கு. வயரிங் கேசிங் போன்ற ஓரமுள்ள பட்டியில் குண்டு இரண்டு விளிம்புமேல் ஏறி உருளும், சுழற்சி கூடி வேகம் இன்னும் குறையும். எதில் விட்டாலும் அளந்த வேகத்தையே நம்புங்கள், சூத்திரத்தை ஒப்பிட மட்டும் வையுங்கள்.

வேகத்தின் வர்க்கம் என்ற இந்த விஷயம் சும்மா கிடைத்ததல்ல. 1722-ல் ஹாலந்தைச் சேர்ந்த ஸ்க்ராவசாண்டே பித்தளைக் குண்டுகளை மெத்தென்ற களிமண்ணில் போட்டுப் பள்ளத்தை அளந்து காட்டினார். பிரெஞ்சு அறிஞர் எமிலி து ஷாத்லே 1740-ல் வெளிவந்த தன் பௌதிக நூலில் அந்தச் சோதனையை எடுத்து வாதாடினார். கண்காட்சி மேசையில் பிசைந்த களிமண் தட்டு ஒன்று வைத்து, ஒரே குண்டை 25 செ.மீ.யிலிருந்தும் 1 மீட்டரிலிருந்தும் போட்டுக் காட்டலாம். வேகம் இரண்டு மடங்கு. பள்ளத்தில் தண்ணீர் நிரப்பி, எத்தனை சொட்டு பிடிக்கிறது என்று எண்ணினால் நாலு மடங்குக்குப் பக்கத்தில் வரும். களிமண் சப்பாத்தி மாவு பதம் இருக்க வேண்டும். இறுகினால் குண்டு எம்பும், இளகினால் பள்ளம் மூடிக்கொள்ளும்.

மணலில் போடுவதாக இருந்தால் சலித்த எம்-சாண்ட் போதும். கறுப்பாக அழகாக இருக்கிறதே என்று மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைக் கொண்டுவர வேண்டாம். அதில் இல்மனைட் தாதுவோடு, கதிரியக்கமுள்ள தோரியம் கொண்ட மோனசைட் தாதுவும் கலந்திருக்கும், பிள்ளைகள் கையில் அளைவதற்கு உகந்ததல்ல.

மறுபதிவு: தக்கலை டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. 1 மீட்டர் பலகை, எக்ஸ்ரே ஃபிலிம், 30 செ.மீ. டைல்ஸ், ஜன்னல் சாத்தி, சீட்டுக் குலுக்கி எடுத்த அளவுகள்:

4 செ.மீ.: 31 செ.மீ.
9 செ.மீ.: 73 செ.மீ.
16 செ.மீ.: 133 செ.மீ.
25 செ.மீ.: 208 செ.மீ.

உயரத்துக்கு எதிராகப் போட்டால் நாலு புள்ளியும் நேர்கோட்டில் உட்காருகின்றன. ஆனால் கோடு பூச்சியம் வழியே போகவில்லை, உயர அச்சை 0.3 செ.மீ. பக்கம் வெட்டுகிறது. பிள்ளைகள் அதைப் பூச்சியத்துக்கு இழுத்துப் போடலாமா என்று கேட்கிறார்கள்.

பதில்: நாஞ்சில் பௌதிகம்

இழுக்கக் கூடாது டீச்சர். அந்த 0.3 செ.மீ. டைல்ஸ் தரை தின்ற பங்கு. சாக்குக்கு வரும் முன்னே 30 செ.மீ. உருண்டதில் கொஞ்சம் ஆற்றல் அங்கே போயிற்று. முழுப் பங்கு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். முன்சக்கரம் சாக்கில் ஏறிப் பின்சக்கரம் டைல்ஸில் இருக்கும் கணத்தில் தடை பாதியாக இருப்பதால் தூரம் ஒன்றிரண்டு செ.மீ. கூடி, அதை ஓரளவு ஈடுகட்டியிருக்கிறது. பிள்ளைகள் அச்சு வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் காரணத்தை எழுதி வைக்கட்டும்.

அடுத்து கடைசி 10 செ.மீ.யில் அளந்த வேகத்தின் வர்க்கத்துக்கு எதிராக இதே தூரங்களைப் போடுங்கள். டைல்ஸ் இழப்பு அந்தக் கிராஃபில் வராது. கோட்டின் சாய்வு 0.43 பக்கம் வர வேண்டும், தூரத்தை மீட்டரில் போட்டால். 1-ஐ அதன் இரட்டிப்பால் வகுத்தால் சாக்கு தருகிற எதிர்முடுக்கம், அதை 9.8-ஆல் வகுத்தால் 0.12. நடுவர் வந்து கேட்டால் பிள்ளைகள் அந்த எண்ணைக் காட்டி, இது உங்கள் சாக்கின் தடை என்று சொல்லலாம்.